செல்லுலார் சிறை மாதிரி செய்கிறோம்: அமைப்பு, பூட்டு, செக்கு பற்றிச் சரியான விவரம் வேண்டும்

மரப்பாச்சி:

வணக்கம். பள்ளிக் கண்காட்சிக்காக அந்தமான் செல்லுலார் சிறையின் மாதிரியை அட்டையில் செய்யப்போகிறோம். கூடவே ஒரே ஓர் அறையை மட்டும் கதவு, பூட்டோடு பெரிதாகச் செய்யும் எண்ணமும் உண்டு. தேடிப் பார்த்ததில் ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கிறது.

நடுக் கோபுரத்திலிருந்து பிரியும் ஏழு கிளைகளும் ஒரே நீளமா? அறைக்கதவு எந்தப் பக்கம் பார்த்திருக்கும்? உள்ளே இருப்பவர் கைக்கு எட்டாத பூட்டு என்கிறார்களே, அது எப்படி? ஆளுக்கு நாளொன்றுக்கு 30 பவுண்டு எண்ணெய் என்பது நிஜமா, ஊதிப் பெரிதாக்கியதா? வ.உ.சி. செக்கிழுத்த இடம் இதுதான் என்று பலகை வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா? இன்று மூன்று கிளைகளே இருக்கின்றன, மீதி நான்கு கிளைகளை இடித்தது ஜப்பானியரா?

கோட்டைச்சுவர்:

கட்டடம் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

ஏழு கிளைகளையும் ஒரே நீளத்தில் வெட்டி நட்சத்திரம் போல ஒட்டிவிடாதீர்கள். பெரும்பாலான மாதிரிகளில் நடக்கும் பிழை இது. கிளைக்குக் கிளை நீளம் வேறு, அறைகளின் எண்ணிக்கையும் வேறு. போர்ட் பிளேரின் அட்லாண்டா முனையில், கடலை ஒட்டிய மேட்டில் கட்டியது. நிலம் விட்ட இடத்துக்கு ஏற்பவே கிளைகள் ஓடுகின்றன. பழைய தரைப்படம் ஒன்றைப் பிடித்து, கோணத்தையும் நீளத்தையும் அதிலிருந்தே அளந்து கொள்ளுங்கள். மொத்த அறைகள் 693 என்பதுதான் அதிகம் புழங்கும் எண். 696, 698 என்றும் அச்சில் பார்க்கலாம். பலகையில் "ஏறத்தாழ 700" என்று எழுதினால் சண்டை வராது.

ஒவ்வொரு கிளையும் மூன்று தளம். தளத்துக்கு ஒரே வரிசையில் அறைகள். அறைகளுக்கு முன்னால் கிளையின் நீளம் முழுக்கத் தாழ்வாரம், அதன் வெளி விளிம்பில் தூண்களும் இரும்புக் கம்பிகளும். கதவு தாழ்வாரத்தைப் பார்த்திருக்கும். தாழ்வாரத்துக்கு அப்பால் முற்றம், முற்றத்துக்கு அப்பால் அடுத்த கிளையின் முதுகுச் சுவர். எல்லாக் கிளைகளும் ஒரே திசையில் சுற்றி இப்படி நிற்பதால், எந்த அறையிலிருந்து பார்த்தாலும் எதிரே இன்னொரு அறையின் முகம் தெரியாது. ஒரு கிளையை மட்டும் திருப்பி ஒட்டிவிட்டால் இரண்டு வரிசைக் கதவுகள் எதிரெதிரே வந்துவிடும், சிறையின் அடிப்படையே போய்விடும். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு கிளையிலும் "முன்", "முதுகு" என்று பென்சிலால் எழுதி வையுங்கள்.

தாழ்வாரங்கள் எல்லாம் நடுக் கோபுரத்தில் முடியும். உள்ளே வர, வெளியே போக வேறு வழி கிடையாது. இரவில் கிளைக்கு மூவர், அதாவது தளத்துக்கு ஒருவர் என 21 பேர் காவல் நின்றால் போதும் என்ற கணக்கு இந்த அமைப்பிலிருந்து வந்ததுதான்.

இனி அறை. நீளம் சுமார் 13½ அடி, அகலம் 7 அடி. முதுகுச் சுவரில் சுமார் 3 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு காற்றுத்துளை, கம்பி போட்டது. 1:10 அளவில் செய்தால் நீளம் 41 செ.மீ., அகலம் 21 செ.மீ., துளை தரையிலிருந்து 30 செ.மீ. இந்தத் துளையைக் கண் மட்டத்துக்கு இறக்கி, சன்னல் மாதிரி வைத்துவிடுகிறார்கள். நின்றாலும் எட்டாது என்பதுதான் அதன் நோக்கம். உள்ளே கழிப்பிடம் கிடையாது. இரவுக்கு ஒரு சிறு மண்சட்டி மட்டும்.

பூட்டு: கதவு இரும்புக் கம்பிக் கதவு, பலகை அல்ல. அதில் பொருத்திய தாழ்க்கோல் நிலையோடு முடியாமல் நீண்டு, வெளிச்சுவரில் தள்ளிக் குடைந்த ஒரு மாடக்குழிக்குள் போய் முடியும். பூட்டு அந்தக் குழிக்குள் இருக்கும். கைதி கம்பிக்கு இடையில் கையை விட்டு எவ்வளவு வளைத்தாலும் விரல் பூட்டைத் தொடாது. வளர்ந்த ஆளின் கை, தோளிலிருந்து விரல்நுனி வரை 70 முதல் 75 செ.மீ. இருக்கும், கம்பியில் தோள் தடுக்கும்போது பக்கவாட்டில் இன்னும் குறைவாகத்தான் எட்டும். இதை மனதில் வைத்துக் குழியைத் தள்ளிக் குடையுங்கள். நிலையை ஒட்டிக் குடைந்தால் பார்ப்பவர்களுக்கு விஷயமே புரியாது. தாழ்க்கோலுக்குக் குடைக்கம்பி பொருத்தமாக இருக்கும்.

கல்செக்கு:

30 பவுண்டு ஊதிப் பெருக்கியது அல்ல. தேங்காயெண்ணெய் என்றால் 30 பவுண்டு, கடுகெண்ணெய் என்றால் 10 பவுண்டு என்பதுதான் அங்கே நாள் கணக்கு. அங்கே இருந்துவிட்டு வந்தவர்கள் தனித்தனியாக எழுதியவை இதில் ஒத்துப்போகின்றன.

எண்ணைச் சும்மா எழுதி வைத்தால் பிள்ளைகளுக்கு உறைக்காது. 30 பவுண்டு என்பது 13.6 கிலோ. நன்றாகக் காய்ந்த கொப்பரையில் 60 முதல் 65 சதம் எண்ணெய் உண்டு, ஆனால் மரச்செக்கில் அது முழுவதும் இறங்காது, புண்ணாக்கில் கொஞ்சம் தங்கிவிடும். ஆகவே 13.6 கிலோ எண்ணெய்க்கு 24, 25 கிலோ கொப்பரையாவது ஆட்ட வேண்டும். ஒரே ஈட்டில் ஆகிற வேலை இல்லை. உரலை நிரப்பி, ஆட்டி, எண்ணெயை வடித்து, புண்ணாக்கைச் சுரண்டி எடுத்து, மறுபடி நிரப்ப வேண்டும். முதல் சுற்றுகளில் உலக்கை லேசாகத்தான் போகும். கொப்பரை நசுங்கி உரலின் சுவரில் அப்பிக்கொள்ளும்போது பாரம் ஏறும். கடைசிச் சொட்டு இறங்குகிற நேரம்தான் மிகக் கனம், ஆள் களைத்திருப்பதும் அந்த நேரம்தான். மாட்டுக்கு வைத்த வேலைக்கு மனிதனைப் பூட்டினால் இதுதான் கதி.

கடுகுக்கு ஏன் 10 பவுண்டு மட்டும்? இரக்கப்பட்டு அல்ல. கடுகில் எண்ணெய் 35 முதல் 40 சதம்தான், மணி சின்னது, கெட்டி. தண்ணீர் தெளித்துத் தெளித்து நெடுநேரம் ஆட்ட வேண்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று மழை. அங்கே ஆண்டுக்கு 3,000 மி.மீ. அளவில் பெய்கிறது. கொப்பரையில் ஈரம் 6 சதத்தைத் தாண்டினால் செக்கில் அது பிசினாகும், எண்ணெய் பிரியாது, பூஞ்சையும் பிடிக்கும். சரக்கு எப்படி இருந்தாலும் மாலையில் எடைத்தட்டுக்கு வர வேண்டியது அதே 30 பவுண்டு. முற்றத்தில் சுற்றிவரும் பெரிய செக்கு தவிர, கையால் சுற்றும் செக்கும் இருந்தது. கை செக்கைச் சின்ன வேலை என்று நினைக்க வேண்டாம்: முற்றத்துச் செக்கில் உடம்பின் எடையையாவது சாய்த்துத் தள்ளலாம், இதில் எல்லாப் பாரமும் தோளிலும் மணிக்கட்டிலும்.

செக்குக்கு அடுத்தது நார். ஆளுக்கு 20 தேங்காயின் காய்ந்த மட்டை கொடுப்பார்கள். மரத்துண்டில் வைத்துக் கொட்டாப்புளியால் அடித்து, மேல்தோலை உரித்து, தண்ணீரில் நனைத்து, சோறு (நாருக்கு இடையில் ஒட்டியிருக்கும் தூள்) முழுக்க உதிரும்வரை மறுபடி அடித்து, உலர்த்திச் சுத்தம் செய்து, மாலையில் 2 பவுண்டு நார் காட்ட வேண்டும். நார்த் தொழில் நடக்கும் ஊர்களில் மட்டையை மாதக்கணக்கில் உப்பங்கழியில் ஊறப்போட்ட பிறகே அடிப்பார்கள். அப்போதுதான் சோறு தானாகக் கழன்று வரும். ஊறாத மட்டையை அடித்தால் நாரும் அறுந்து தூளாகும், எடை குறையும், உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பும். கயிறு திரிப்பது இவற்றில் இலேசான வேலை, அன்றைக்கு 3 பவுண்டு.

செக்குப் பொம்மை செய்தால் எடைத்தராசு ஒன்றையும் கூடவே வையுங்கள். அந்தச் சிறையில் பயம் முழுக்கத் தராசில்தான் இருந்தது.

நெல்லைக்காரன்:

வ.உ.சி. பலகையை வைக்காதீர்கள். அவர் அந்தமானுக்குப் போகவே இல்லை. 1908 ஜூலையில் திருநெல்வேலி வழக்கில் அவருக்கு நாடுகடத்தல் தண்டனை விதித்தது உண்மை, மேல்முறையீட்டில் அது குறைந்தது. தண்டனையைக் கழித்தது கோயம்புத்தூர் சிறையிலும், 1910 டிசம்பரிலிருந்து கண்ணூர் சிறையிலும். 1912 டிசம்பரில் விடுதலை. செக்கு இழுத்தது கோவையில். அந்தச் செக்கை சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம். அளவெடுக்கவும் உதவும்.

மரப்பாச்சி:

மூவருக்கும் மிக்க நன்றி. பலகையை எடுத்துவிட்டோம். ஒரு சந்தேகம்: ஆயுள் தண்டனைக் கைதி என்றால் இருபது வருடமும் இந்த 7 அடி அறைக்குள்ளேயா? அப்படியானால் 700 அறை எப்படிப் போதும்?

பழஞ்சுவடி:

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இந்தச் சிறையை எதற்குக் கட்டினார்கள் என்பதற்கு விடையே அங்கேதான் இருக்கிறது.

அந்தமான் குடியேற்றத்துக்கு இந்தச் சிறையைவிட அரை நூற்றாண்டு வயது அதிகம். 1858 மார்ச் 10 அன்று ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளோடு கப்பலில் வந்து இறங்கினார். பெரும்பாலும் 1857 கிளர்ச்சியில் சிக்கியவர்கள். அப்போது மதில் என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. கடலும் காடும் போதும். தப்பி ஓடியவர்கள் பலர் காட்டில் மடிந்தார்கள், பிடிபட்டவர்களில் 80க்கும் மேற்பட்டோரை அந்த முதல் சில மாதங்களிலேயே வாக்கர் தூக்கிலிட்டார். பிறகு வைப்பர் தீவில் சங்கிலிக் கைதிகளுக்கென ஒரு சிறை எழுந்தது. வைஸ்ராய் மேயோவை 1872 பிப்ரவரி 8 அன்று குத்திக் கொன்ற ஷேர் அலியைத் தூக்கிலிட்டதும் அதே வைப்பர் தீவில்தான், மார்ச் 11இல். "செல்லுலார் சிறையில் தூக்கிலிட்டார்கள்" என்று சிலர் எழுதுகிறார்கள். அப்போது அந்தச் சிறைக்கு அடிக்கல்லே கிடையாது.

காலப்போக்கில் காடு வெட்டி, வயல் திருத்தி, குடியேற்றம் ஊராக மாறியது. சில ஆண்டுகள் கழித்தால் நிலம், வீடு, குடும்பம் என்று வாழலாம் என்ற நிலை வந்ததும், இந்தியச் சிறையில் கிடப்பதைவிட அந்தமானே மேல் என்று கைதிகள் நினைக்கத் தொடங்கினார்கள். 1890இல் பிரிட்டிஷ் அரசின் அதிகாரிகள் லயலும் லெத்பிரிட்ஜும் வந்து ஆய்ந்து, நாடுகடத்தலுக்குப் பழைய அச்சம் போய்விட்டது, தொடக்கத்திலேயே ஒரு கடுமையான தனிமைக் கட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். அதன் விளைவு 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த இந்தக் கட்டடம். கட்டியதும் கைதிகளே.

ஆக, ஆயுள் முழுக்க அடைத்து வைக்க அல்ல. வந்தவுடன் ஆளை உடைத்து அனுப்புவதற்குத்தான் அந்த அறைகள். 1900களின் நடைமுறை ஏறத்தாழ இப்படி: முதல் 6 மாதம் செல்லுலார் சிறையில் தனி அறை. அடுத்த 18 மாதம் பகலில் பிறரோடு சேர்ந்து வேலை, இரவில் தனி அறை. அடுத்த 3 ஆண்டு வெளியே கொட்டடியில் தங்கி, காவலோடு கூட்டு வேலை. அதன் பிறகு 5 ஆண்டு சற்றுத் தளர்ந்த காவல், சிறு கூலி. பத்து ஆண்டு ஒழுங்காக முடித்தவருக்குத் தன் உழைப்பில் பிழைத்துக்கொள்ளும் சீட்டு. நிலம் உழலாம், மாடு வளர்க்கலாம், ஊரிலிருந்து மனைவியை வரவழைக்கலாம். முழு விடுதலை 20, 25 ஆண்டுக்குப் பிறகு. அறைகள் போதியது இப்படித்தான். பெண் கைதிகள் இங்கே கிடையாது, அவர்களுக்குச் சவுத் பாயிண்டில் வேறு சிறை.

இந்தப் படிக்கட்டு அரசியல் கைதிகளுக்கு ஒழுங்காகப் பொருந்தவில்லை என்பதுதான் பின்னால் வந்த போராட்டங்களின் வேர். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் தண்டனை பெற்ற பாரீந்திர கோஷ், உல்லாஸ்கர் தத்தர் முதலியோர் 1909 டிசம்பரில் வந்து சேர்ந்தார்கள். கொலைக் கைதி மெல்ல மேலேறி வெளியே போய் டிண்டல், பெட்டி ஆபீசர், ஜமாதார் என்று மற்றக் கைதிகளை மேய்க்கும் பொறுப்புக்கும் வந்துவிடுவார். அரசியல் கைதிக்கு அந்தப் பொறுப்பு கிடைக்காது. படித்தவர்களைச் செக்கில் பூட்டி, மேற்பார்வைக்குப் பழைய கைதியை நிறுத்தியது நிர்வாகத்தின் கணக்கு. கைதியைக் கைதியே வதைத்தால் வெள்ளைக்காரன் கை அழுக்காகாது.

சுழல்படி:

அருமையான இழை. கட்டடம் பற்றி ஒன்று: இதுதானே ஆங்கிலச் சிந்தனையாளர் பெந்தாம் சொன்ன பனாப்டிகான் என்ற சிறை அமைப்பு? நடுக் கோபுரத்தில் ஒருவன் நின்றால் எல்லாக் கைதிகளையும் பார்க்கலாம் என்பது?

கோட்டைச்சுவர்:

இல்லை. எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், தரைப்படத்தைப் பார்த்தாலே பொய் என்று தெரியும். பனாப்டிகானில் அறைகள் வட்டச் சுவரில் இருக்கும், ஒவ்வொன்றின் உள்ளும் நடுவிலிருந்து தெரிய வேண்டும். இங்கே கோபுரத்தில் நின்றால் தாழ்வாரங்களின் வாயும் முற்றங்களும் தெரியும், அறைக்குள் ஒரு மூலைகூடத் தெரியாது. இது பிலடெல்பியாவில் 1829இல் திறந்த சிறை, லண்டனில் 1842இல் திறந்த பென்டன்வில் இவற்றின் வம்சம்: நடுவிலிருந்து கிளை பிரியும் அமைப்பு, கைதியைக் கைதியிடமிருந்து பிரிப்பதே குறி. அங்கெல்லாம் தாழ்வாரத்தின் இரு பக்கமும் அறைகள் இருக்கும். இங்கே ஒரு பக்கம் மட்டும். அதனால் கொஞ்சம் காற்றாவது கிடைத்தது.

மாதிரியில் கோபுரத்தை மிக உயரமாக்க வேண்டாம். கிளைகளுக்கு மேல் சற்றே தலை தூக்கினால் போதும்.

பழஞ்சுவடி:

கணக்கு குறைந்தால் என்ன நடக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. 1894 சிறைச்சட்டத்தின் 46ஆம் பிரிவு தண்டனைகளை வரிசைப்படுத்துகிறது: எச்சரிக்கை, வேலை மாற்றம், துணிக்குப் பதில் சாக்கு உடுப்பு, கைவிலங்கு, கால்விலங்கு, குறைந்த உணவு (தொடர்ந்து 96 மணி நேரத்துக்கு மேல் கூடாது), தனியறை (14 நாள் வரை), கசையடி (30க்கு மேல் கூடாது). இவை காகிதத்தில் உள்ள வரம்புகள். செல்லுலாரில் அதிகம் பேசப்படுவது நின்றபடி கைவிலங்கு: தலை உயரத்தில் சுவர்க் கொக்கியில் கையைப் பூட்டிவிடுவார்கள், உட்கார முடியாது, ஒரு வாரம் வரை நாளெல்லாம் அப்படியே. அடுத்தது குறுக்குக் கம்பி விலங்கு. இரு கணுக்காலுக்கும் நடுவே இரும்புக் கம்பி நிற்கும். காலைச் சேர்க்கவும் முடியாது, நடக்கவும் படுக்கவும் அவதி.

எதிர்ப்பும் அந்தத் தராசைச் சுற்றியே எழுந்தது. அலகாபாத்தில் 'ஸ்வராஜ்யா' பத்திரிகை நடத்தியதற்காக வந்த நந்த கோபால், செக்கைச் சுற்ற மாட்டேன் என்று சொல்லவில்லை. நிதானமாகச் சுற்றினார், அவ்வளவுதான். மாலையில் எடை குறைந்தது. விதியை மீறினார் என்றும் சொல்ல முடியாமல் ஜெயிலர் டேவிட் பாரிக்குத் தலைவலி. 1912 ஏப்ரலில் இந்து பூஷண் ராய் தூக்குப்போட்டு இறந்ததும், அதே ஆண்டில் உல்லாஸ்கர் தத்தருக்கு மனநிலை பிறழ்ந்ததும் இந்திய நாளேடுகளுக்கு எட்டியது. 1913 அக்டோபரில் இந்திய அரசின் உள்துறை உறுப்பினர் ரெஜினால்ட் கிராடக் நேரில் வர வேண்டியதாயிற்று. 1919–20 சிறைக்குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 1921இல் அரசியல் கைதிகளைத் தாய்நாட்டுச் சிறைகளுக்கு மாற்றினார்கள்.

1932இல் மறுபடி அனுப்பத் தொடங்கினார்கள், இந்த முறை 300க்கும் மேற்பட்டோர். 1933 மே 12 அன்று உண்ணாவிரதம்: இரவில் விளக்கு, படிக்க நூலும் நாளேடும், தின்னக்கூடிய சாப்பாடு. நிர்வாகம் வலுக்கட்டாயமாகப் பாலூட்டியது. மூக்கு வழியே விடும் குழாய் உணவுக்குழலில் இறங்க வேண்டும். ஆள் திமிறும்போது மூச்சுக்குழலில் இறங்கிவிட்டால் பால் நேராக நுரையீரலுக்குப் போகும், நிமோனியா வரும். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா மூவரும் அந்த மே மாதத்திலேயே இப்படித்தான் இறந்தார்கள். 46 நாளுக்குப் பின் கோரிக்கைகளில் பெரும்பகுதி கிடைத்தது. அறைக்குள் விளக்கு வந்தது அதற்குப் பிறகுதான், ஆகவே 1933க்கு முந்தைய காலத்தைக் காட்டும் மாதிரி என்றால் உள்ளே பல்பு வைக்காதீர்கள். 1937 உண்ணாவிரதத்தின் பின் எல்லா அரசியல் கைதிகளும் திரும்பினார்கள், கடைசி அணி 1938 ஜனவரியில்.

இடிந்த கிளைகள் பற்றி: ஜப்பானியர் மேல் முழுப் பழியும் போடுவது எளிது, ஆனால் பாதிதான் சரி. 1941 ஜூன் 26 நிலநடுக்கத்தில் கட்டடம் ஏற்கெனவே சேதமடைந்திருந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் தீவைப் பிடித்தார்கள், அவர்கள் காலத்தில் இரண்டு கிளைகள் போயின. அதே சிறையில் தீவுவாசிகளையும் அடைத்து வதைத்தார்கள். மருத்துவர் திவான் சிங் காலேபானி 1944 ஜனவரியில் அங்கேதான் இறந்தார். இன்னும் இரண்டு கிளைகளை இடித்தது சுதந்திர இந்தியா. கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை அந்த வளாகத்தில்தான் நிற்கிறது. உயிரோடு இருந்த முன்னாள் கைதிகள் எதிர்த்துக் குரல் கொடுத்ததால்தான் மூன்று கிளைகளும் கோபுரமும் தப்பின. 1979 பிப்ரவரி 11 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார். ஊரின் பெயரும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என மாறியிருக்கிறது, பலகையில் இரண்டையும் எழுதுங்கள்.

மரப்பாச்சி:

1910 வாக்கில் இருந்தபடி, ஏழு கிளைகளோடு, விளக்கு இல்லாமல் செய்கிறோம். அறைக்குள் ஒரு கைதிப் பொம்மை வைத்தால் உடை எப்படி?

கல்செக்கு:

அரைக்கால் சட்டை, மேல்சட்டை, குல்லா. கழுத்தில் இரும்பு வளையம், அதில் தொங்கும் மரத்துண்டு. அதில் கைதி எண், சட்டப்பிரிவு, தண்டனை பெற்ற நாள், விடுதலை நாள் நான்கும் இருக்கும். ஆபத்தானவன் என்று கருதினால் ஆங்கில 'டி' எழுத்தும் சேரும். சாவர்க்கரின் துண்டில் விடுதலை ஆண்டு 1960 என்று இருந்தது. அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனை, முதலாவது 1910 டிசம்பரில், இரண்டாவது 1911 ஜனவரியில்.

1:10 பொம்மையில் அந்த எழுத்தைப் படிக்க முடியாது. மரத்துண்டை மட்டும் முழு அளவில் தனியாகச் செய்து, நூலில் கட்டி அறையின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். உண்மையான ஆளின் பெயரோ எண்ணோ போட வேண்டாம். பிரிவு 121 (அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல்), இரண்டு தேதிகள், போதும். மையை எண்ணெய் பூசாத மரத்தில் எழுதுங்கள், பூசியதில் ஒட்டாது.